சொல்லிச் செய்விக்கும் சிமிழும் குவளையும்

தில்லியிலும் மும்பையிலும் கொல்கத்தாவிலும் வாழும் தமிழ்க் குடும்பங்களில் மணிவிழாவோ புதுமனை புகுவிழாவோ நெருங்கும்போது, அன்பளிப்பாக எதைக் கொடுப்பது என்ற கேள்வி எழாமல் இருப்பதில்லை. எவர்சில்வர்ப் பாத்திரம் எல்லார் வீட்டுப் பரணிலும் நிறைந்து கிடக்கிறது. வெள்ளிச் சிமிழோ நம்மில் பலருடைய கைக்கு எட்டாத உயரத்துக்குப் போய்விட்டது. இவ்விரண்டிற்கும் இடையே அண்மைக் காலத்தில் இடம் பிடித்திருப்பவை, கையால் பூவேலை செய்த கண்ணாடிக் குவளைகளும் ஜாடிகளும் சிறு பேழைகளும் ஆகும். கைபேசியில் படம் கண்டு, எங்கோ ஓர் ஊரில் தம் வீட்டிலிருந்தே தொழில் செய்யும் கைவினைஞருக்கு எழுதி, நம் விருப்பத்திற்கேற்பச் செய்வித்துக் கொள்ளலாம். இவ்வேலைகளுள் பல, பாலிமர் களிமண் என்று வழங்கும் ஒரு பொருளால் ஆனவை. அப்பொருள் யாது, அதனிடம் எதைக் கேட்கலாம், எதைக் கேட்கலாகாது, கேட்பதை எவ்வாறு கேட்பது என்பவற்றை நேயர்களுக்குச் சொல்வதே இவ்வுரையின் நோக்கம். நாங்களும் ஒரு சிமிழ் செய்வித்தோம். அதில் ஒரு பிழையும் இழைத்தோம். அதையும் உரிய இடத்தில் சொல்லிவிடுகிறோம்.

மொழிபெயர்ப்பையே பிழைப்பாகக் கொண்ட எங்களுக்கு முதலில் தட்டுப்பட்டது பெயர்தான். இத்தகைய பொருள்களுக்கு ஆங்கிலத்தில் 'கஸ்டம்' என்னும் அடைமொழியைச் சேர்க்கிறார்கள். அச்சொல்லுக்கு வழக்கம் என்றும் ஒரு பொருள் உண்டு. பன்மையில் வந்தால் அது சுங்கம் ஆகிவிடும். 'சுங்கப் பேழை' என்று எழுதிவிட்டுப் பின்னர் அடித்துத் திருத்திய இளைஞர் ஒருவரை நாங்கள் அறிவோம். தமிழில் இதற்குச் சொல் தேட வேண்டியதே இல்லை. தட்டாரிடம் தாலியையும் தச்சரிடம் தொட்டிலையும் நம் முன்னோர் சொல்லித்தான் செய்வித்தார்கள். சொல்லிச் செய்வித்தல் என்ற தொடரில் 'சொல்லி' என்ற பாதி வாங்குகிறவருடைய பொறுப்பு. அந்தப் பாதியில் நேரும் குறையைச் செய்கிறவருடைய கை எவ்வளவு தேர்ந்ததாயினும் ஈடுசெய்ய முடியாது.

பாலிமர் களிமண் என்று பெயர் இருந்தாலும் அதில் மண் இல்லை. வீட்டுத் தண்ணீர்க் குழாய்க்கும் மின்கம்பியின் மேலுறைக்கும் பயன்படும் பி.வி.சி. என்னும் பிளாஸ்டிக்கின் நுண்பொடியே அதன் முதற்பொருள். அப்பொடியோடு, அதை இளகச் செய்யும் எண்ணெய் போன்ற ஒரு நீர்மத்தையும் வண்ணப் பொடிகளையும் கலந்து பிசைகிறார்கள். அது சப்பாத்தி மாவைப்போல் உருட்டவும் நீட்டவும் இடங்கொடுக்கிறது. குயவர் மண்ணில் நீர் இருக்கிறது. அது உலர்ந்தால் இறுகும். இப்பொருளில் நீர் இல்லை; ஆகவே மேசையில் பல நாள் கிடந்தாலும் இறுகிவிடாது. சூடுபடுத்தும்போதுதான் மாற்றம் நிகழ்கிறது. அப்போது நுண்பொடியின் ஒவ்வொரு துகளும் தன்னைச் சூழ்ந்த நீர்மத்தை உறிஞ்சிப் பருத்து, அண்டைத் துகளோடு ஒட்டி ஒன்றாகிவிடுகிறது. அதற்கு வேண்டிய வெப்பம், தயாரிப்பாளரைப் பொறுத்து, ஏறக்குறைய 110 முதல் 130 பாகை செல்சியஸ் வரை. குயவர் சூளையின் வெப்பத்தோடு ஒப்பிட்டால் இது மிகக் குறைவு. ரொட்டி சுடும் சிறு மின்னடுப்பே போதும். அதனால்தான் இத்தொழில் வீட்டுத் தொழிலாகப் பரவ முடிந்தது.

வெப்பம் குறைந்தால் துகள்கள் முழுதும் ஒட்டாமல், பார்வைக்கு நன்றாய் இருந்தும் பின்னர் உதிரும். வெப்பம் மிகுந்து 175 பாகையை எட்டினால் பொருள் கருகி, கண்ணையும் தொண்டையையும் கரிக்கும் புகையை விடும். தேர்ந்த கைவினைஞர் தம் அடுப்பினுள் தனியே ஒரு வெப்பமானியை வைத்துப் பார்ப்பது இதனால்தான். சமையலுக்குப் பயன்படுத்தும் கருவிகளை அவர்கள் இதற்குத் தொடுவதில்லை. இதற்கென்று ஒதுக்கிய கருவிகளை மீண்டும் சமையலறைக்குக் கொண்டுபோவதும் இல்லை.

இப்பொருள் ஜெர்மனியில் பொம்மைத் தொழிலோடு சேர்ந்து வளர்ந்தது. கேத்தே குரூசே (1883-1968) என்ற புகழ்பெற்ற பொம்மைக் கலைஞர், இரண்டாம் உலகப் போரை ஒட்டிய காலத்தில், பொம்மைத் தலைகளுக்கு மாற்றுப் பொருள் தேடியபோது இத்தகைய ஒரு கலவை அவர் கைக்கு வந்தது. அவருடைய எண்ணத்திற்கு அது ஒத்துவரவில்லை. ஆனால் வீட்டில் ஃபிஃபி என்று அழைக்கப்பட்ட அவர் மகள், அதைக் கொண்டு சிறு உருவங்களும் பதிப்பு வேலைகளும் செய்து பழகினார். அவர் உருவாக்கிய கலவை 1960களில் ஒரு பென்சில் நிறுவனத்தின் கைக்கு மாறி, அவர் பெயரின் எதிரொலியாக 'ஃபிமோ' என்ற பெயரில் உலகெங்கும் சென்றது. அமெரிக்காவில் 'ஸ்கல்ப்பி' என்ற பெயரில் மற்றொரு வகை தோன்றியது. பல்லாண்டுகள் இது பிள்ளைகளின் விளையாட்டுப் பொருளாகவே கருதப்பட்டது. 1980களின் இறுதியில்தான் அமெரிக்கக் கலைஞர் சிலர் அதில் நுண்கலைக்கு இடம் உண்டென்று காட்டினர். நான் ரோச் என்னும் பெண்மணி 1991இல் வெளியிட்ட 'தி நியூ கிளே' என்ற நூல் அவர்களுடைய வழிமுறைகளை எல்லாரும் கற்க உதவிற்று.

அக்கலைஞர் கையாண்ட முறைகளுள் ஒன்றைச் சற்று விரிவாகச் சொல்வது பயனுடையது. நாம் கொடுக்கும் விலையின் பொருள் அப்போதுதான் விளங்கும். வெனிஸ் நகரை அடுத்த முரானோவில் கண்ணாடித் தொழிலாளர் வண்ணக் கண்ணாடிக் கோல்களைக் கட்டாகச் சேர்த்து உருக்கி, நீள இழுத்து, குறுக்கே துண்டு போட்டுப் பூக்களாக்குவர். ஆயிரம் பூக்கள் என்று பொருள்படும் 'மில்லெஃபியோரி' என்பது அதன் பெயர். பாலிமர் களிமண்ணில் அதே வித்தையை நெருப்பின்றிச் செய்யலாம். தில்லி இனிப்புக் கடைகளில் முந்திரி உருளை வாங்கியிருப்போம். எங்கு வெட்டினாலும் நடுவே பச்சைப் பிஸ்தா வட்டம் தெரியும் அல்லவா? அதுபோல, மஞ்சள் நடுத்தண்டைச் சுற்றி ஐந்து வெண் தண்டுகளை அடுக்கி, இடைவெளிகளைப் பச்சையால் நிரப்பி, கை பருமனான ஓர் உருளையாக்குகிறார்கள். பின்னர் அதை நாற்புறமும் அமுக்கி நீட்டி நீட்டி விரல் பருமனுக்கும், வேண்டினால் பென்சில் பருமனுக்கும் கொண்டு வருகிறார்கள். உருளை எவ்வளவு மெலிந்தாலும் உள்ளே இருக்கும் பூ தன் உருவம் மாறாமல் சிறுக்கும். அவசரப்பட்டு ஒரு புறமாக இழுத்தால் பூ கோணிவிடும். அரைநாள் உழைப்பு வீணாகும். மெல்லிய தகடாக அரிந்த அந்தப் பூக்களே குவளையின் மேல் ஒட்டப்படுபவை. கோடுகள் வேண்டுமாயின் முறுக்கு அச்சைப் போன்ற ஒரு சிறு குழலில் இட்டுப் பிழிந்து, இடியாப்ப நூல்போல் எடுத்துக்கொள்கிறார்கள்.

இனி, எங்கள் சிமிழின் கதைக்கு வருவோம்.

எங்கள் அன்னையார் 2022ஆம் ஆண்டு கும்பகோணத்தை அடுத்த ஊரிலிருந்த வீட்டை ஒழித்துக்கொண்டு எங்களோடு தில்லிக்கு வந்துவிட்டார். நாங்கள் இருப்பது மூன்றாம் மாடி. வாசல் என்று சொல்லத்தக்கது படிக்கட்டுக்கு எதிரே நான்கடிச் சிமெண்டுத் தரை. காலையில் துப்புரவுத் தொழிலாளர் ஈரத் துணியால் துடைத்துச் செல்வார். அன்னையாருக்கு முழங்காலும் மடங்குவதில்லை. கோலம் போடுவது நின்றுபோயிற்று. அவர் அதைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் ஊரில் கடைசியாக இருந்த மார்கழியில் எடுத்த ஒரு படத்தைக் கைபேசியில் அடிக்கடி திறந்து பார்ப்பதை நாங்கள் கவனித்தோம். ஐந்து புள்ளியில் தொடங்கி ஒன்றில் முடியும் சிறு நெளிகோலம். அதை ஒரு குங்குமச் சிமிழின் மூடியில் செய்வித்து அவர் கையில் கொடுக்க வேண்டும் என்று 2023ஆம் ஆண்டில் முடிவு செய்தோம்.

செய்தவர் கொல்கத்தாவில் வாழும் வங்காளப் பெண்மணி. எழுதிய அன்றே மறுமொழி வந்தது. மூன்று கேள்விகள் கேட்டிருந்தார். சிமிழில் எதை வைப்பீர்கள்? எந்த நாளுக்குள் வேண்டும்? கோடுகள் படத்தில் உள்ளவாறே அமைய வேண்டுமா, அல்லது மூடிக்கு ஏற்ப மாற்றலாமா? முதல் இரண்டுக்கும் ஒழுங்காகப் பதில் எழுதினோம். மூன்றாவதற்கு, அலுவலகத்தில் கோப்புகளுக்கிடையே, 'படத்தில் உள்ளவாறே' என்று இரண்டு சொற்களைத் தட்டி அனுப்பிவிட்டோம்.

குங்குமம் வைப்பதற்கு என்று சொன்னதால் நேர்ந்த நன்மையை முதலில் சொல்ல வேண்டும். குங்குமத்தின் நிறம் இப்பொருளில் ஊறிக் கறையாகும் என்றும், எண்ணெய்ப் பசை உள்ள பொருளை அதனோடு நேரே சேர்த்து வைத்தல் நன்றன்று என்றும் அவர் எழுதி, உள்ளே ஒரு சிறு எவர்சில்வர்க் கிண்ணம் பொருந்துமாறு சிமிழை அமைத்தார். அடிப்பெட்டி மரமாக இருக்கலாமா என்று கேட்டோம். மரத்தில் எப்போதும் சிறிது ஈரம் இருக்கும்; அடுப்பில் அது ஆவியாகிக் களிமண்ணைக் கொப்புளமாகத் தூக்கும், மூடியும் முறுக்கிக்கொள்ளும் என்று விளக்கி, தகரச் சிமிழையே தேர்ந்தார். மரப்பெட்டிதான் வேண்டும் என்பவர்களுக்கு, பூவேலையைத் தனியே சுட்டெடுத்துப் பின்னர் பசையால் ஒட்டித் தருவது உண்டு. அல்லது மரத்தை முன்னதாக நன்றாக உலர்த்தி, மேலே பசைப்பூச்சு இட்டுக் காப்பர். காகிதக் கூழால் ஆன வெறும் பெட்டியும் இவ்வடுப்பின் சூட்டைத் தாங்கும். ஆனால் காஷ்மீரத்துக் காகிதக் கூழ்ப் பெட்டி ஒன்று வீட்டில் இருக்கிறது, அதன்மேல் பூவேலை செய்து தாருங்கள் என்று யாரும் கேட்க வேண்டாம். அதன்மேல் தூரிகை பிடித்தவர் செய்திருப்பதை மூடி மறைக்க நமக்கு உரிமை இல்லை.

பதினெட்டாம் நாள் பொதி வந்தது. காவி நிறத் தளத்தில் வெண்கோடு, அரிசிமாக் கோலத்தைப் போலவே. அன்னையார் சிமிழைச் சன்னல் பக்கம் கொண்டுபோய், ஆட்காட்டி விரலைக் கோட்டின் மேல் வைத்து மெல்ல ஓட்டிக்கொண்டே போனார். ஓரிடத்தில் விரல் நின்றது. "கோடு இங்க நின்னு போயிருக்கேப்பா" என்றார்.

பார்த்தோம். நூற்கோடு ஓரிடத்தில் மெலிந்து, மறைந்து, அரை விரற்கடைக்கு அப்பால் மீண்டும் தொடங்கியிருந்தது. படத்தைத் திறந்து பெரிதாக்கிப் பார்த்தபோதுதான் விளங்கியது. அன்று காலை பால்காரரின் மிதிவண்டிச் சக்கரம் கோலத்தின் ஓரத்தில் ஏறிச் சென்றிருக்கிறது. மாவு கலைந்த அந்தத் தடத்தையும், அது எங்கே மெலிகிறதோ அங்கே மெலிவித்து, எங்கே மறைகிறதோ அங்கே மறையச் செய்து, அந்தப் பெண்மணி அப்படியே படியெடுத்திருந்தார். 'படத்தில் உள்ளவாறே' என்று எழுதியவர்கள் நாங்கள் அல்லவா?

அவரைக் குறை சொல்ல இடமே இல்லை. வங்காளத்தில் வாசலிலும் பூசை இடத்திலும் அரிசிமாவைக் கரைத்து விரலால் இடுவது அல்பொனா. அதில் கொடியும் இலையும் தாமரையும் தம்போக்கில் ஓடும். புள்ளி வைத்துக்கொண்டு தொடங்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. ஒரு கொடி நடுவில் நின்று அப்பால் தொடங்கினால் அதுவும் ஓர் அழகே. நெளிகோலத்தின் நியதி வேறு. புறப்பட்ட கோடு ஒவ்வொரு புள்ளியையும் வளைத்துக்கொண்டு புறப்பட்ட இடத்திற்கே வந்து சேர வேண்டும். நமக்கு இது பிறந்ததிலிருந்து தெரியும் என்பதனால், சொல்ல வேண்டிய செய்தி என்றே தோன்றவில்லை. அயல் மாநிலத்தில் வாழ்கிறவர்கள் இவ்விடத்தில்தான் பெரும்பாலும் தவறுகிறோம். ஒரு குத்துவிளக்கு வரையச் சொன்னால் எத்தனை முகம் என்று சொல்வதில்லை. யாழி என்று எழுதினால் சிங்கம் வந்து சேர்கிறது.

என்ன பிழை, யாருடைய பிழை என்பதை ஒளிக்காமல் எழுதினோம். திருத்தும் கூலியைத் தருவதாகவும் சொன்னோம். இப்பொருளின் ஒரு நற்குணம் அப்போது தெரியவந்தது. சுட்ட பாலிமர் களிமண்ணின் மேல் பச்சைக் களிமண்ணைச் சேர்த்து மீண்டும் சுடலாம். ஒருமுறை அல்ல, பலமுறை சுடலாம். குயவர் சூளையில் வெந்த பானைக்கு அந்த வாய்ப்பு இல்லை. சிமிழைத் திருப்பி அனுப்புங்கள், ஆனால் இம்முறை படம் வேண்டாம், கோடு எப்படிப் போகிறது என்று காட்டுங்கள் என்று அவர் கேட்டார். அன்னையார் ஒரு வெள்ளைத் தாளை எடுத்துப் பென்சிலால் புள்ளி வைத்தார். முதல் வளைவு, இரண்டாம் வளைவு என்று நிறுத்தி நிறுத்தி வரைய, ஒவ்வொரு நிலையிலும் ஒரு படம் எடுத்து, ஐந்து படங்களாக அனுப்பினோம். பொதுமொழி எதுவும் இல்லாத இருவர் அந்த ஐந்து படங்களில் பேசி முடித்துவிட்டார்கள். நடுவில் மொழிபெயர்ப்பாளருக்கு வேலை இருக்கவில்லை.

பத்து நாளில் சிமிழ் திரும்பியது. கோடு சேர்ந்திருந்தது. ஒளியில் சாய்த்துப் பார்த்தால் புதிய நூல் சற்று வெளுப்பாகவும், இருமுறை சூடேறிய பழைய கோடு ஒரு சாயை மங்கலாகவும் தெரியும். வெண்ணிறம் சூட்டுக்கு எளிதில் பழுப்பேறக் கூடியது. அன்னையார் அதைப் பொருட்படுத்தவில்லை. அன்று மாலையே குங்குமம் இட்டு வைத்துவிட்டார்.

சிமிழை விடக் கண்ணாடிக் குவளைக்குக் கூடுதலான எச்சரிக்கை வேண்டும். ஏனெனில் அதில் வாய் வைத்துக் குடிக்கிறோம். பாலிமர் களிமண் உண்கலத்திற்கு உரிய பொருள் அன்று. அதனை இளக்கும் நீர்மங்களுள் தாலேட் வகை உடல்நலத்திற்கு உகந்ததல்ல என்ற ஐயத்தால், இந்நூற்றாண்டின் தொடக்கத்திலிருந்து பெயர்பெற்ற தயாரிப்பாளர்கள் அதை விலக்கிவிட்டார்கள். எனினும் உணவோ உதடோ படும் இடத்தில் எந்த வகையும் இருத்தலாகாது என்பதே தேர்ந்தவர்களின் நெறி. குவளையின் விளிம்பிலிருந்து இரண்டு விரற்கடை விட்டுத்தான் பூவேலை தொடங்க வேண்டும். உட்புறம் வெறும் கண்ணாடியாகவே இருக்க வேண்டும். எங்கள் நண்பர் ஒருவர் அழகாக இருக்கும் என்று விளிம்புவரை கொடி ஏற்றச் சொல்லி வேறோரிடத்தில் செய்வித்தார். செய்தவரும் மறுப்பின்றிச் செய்து கொடுத்தார். சில மாதங்களில் கொடியின் நுனி எழும்பி, அதனடியில் காப்பிக் கறை படிந்தது. இப்போது அக்குவளைகளில் பேனா வைத்திருக்கிறார். கேட்டதையெல்லாம் தலையாட்டி ஏற்கும் கைவினைஞரை விட, 'அது ஆகாது' என்று சொல்கிறவரே நம்பத்தக்கவர் என்று இப்போது எங்களுக்குத் தோன்றுகிறது.

கொடி எழும்பியதற்குக் காரணம் உண்டு. கண்ணாடி வழவழப்பானது, களிமண் அதனோடு ஒன்றாகக் கலந்துவிடுவதில்லை, பற்றிக்கொண்டுதான் நிற்கிறது. கண்ணாடியைச் சுற்றிலும் ஓர் உறைபோல் போர்த்தினால் பிடிப்பு உறுதியாக இருக்கும். அடுப்பில் இரண்டும் விரிகின்றன. ஆறும்போது களிமண் கண்ணாடியை விட மிகுதியாகச் சுருங்குகிறது. ஆகவே மோதிரம்போல் இறுகப் பிடித்துக்கொள்கிறது. அதே சுருக்கமே, உறை மிக மெல்லியதாயினும் இணைப்பு நன்கு பொருந்தாவிடினும், வெடிப்புக்கும் காரணமாகும். அங்கொன்று இங்கொன்றாக ஒட்டிய பூக்களுக்கு இந்தப் பிடிப்பு இல்லை. அவை பசையை நம்பியே இருக்கின்றன. ஆகவே நாள்தோறும் கையாளும் பொருளுக்கு முழு உறையும், பார்வைக்கு வைக்கும் பொருளுக்கு ஒட்டுப் பூவும் தகும்.

கண்ணாடி அடுப்பில் உடைந்துவிடாதா என்று கேட்பவர் உண்டு. கண்ணாடியை உடைப்பது சூட்டின் அளவன்று, சூட்டின் திடீர் மாற்றம். குளிர்ந்த அடுப்பில் வைத்து மெல்லச் சூடேற்றி, அடுப்பிலேயே ஆறவிட்டால் சாதாரணக் குவளையும் தாங்கும். பிரோசாபாத்திலிருந்து வரும் மலிவான குவளைகளிலேயே பலர் வேலை செய்கிறார்கள். ஆயினும் வீட்டில் வழிவழியாக வந்த பழைய கண்ணாடிப் பாத்திரத்தை அனுப்பிப் பூவேலை செய்யச் சொல்வதை நாங்கள் ஊக்குவிக்க மாட்டோம். கண்ணுக்குத் தெரியாத கீறல் ஒன்று இருந்தால் போதும். பின்னர் யாரையும் நொந்து பயனில்லை.

கார்த்திகைக்கு அகலும் விளக்குக் கிண்ணமும் செய்து தரச் சொல்லிக் கேட்கிறார்கள். நெருப்பு எரியும் இடத்திற்கு இப்பொருள் ஏற்றதன்று. சுடர் அருகில் இருந்தால் கருகிப் புகையும். அகன்ற கண்ணாடிக் குடுவையின் வெளிப்புறத்தில் பூவேலை அமைத்து, உள்ளே மின்கலச் சிறுவிளக்கை வைத்துக்கொள்ளலாம். எண்ணெய் விளக்குக்கு மண் அகலே இருக்கட்டும்.

விலையைப் பற்றிச் சிறிது சொல்ல வேண்டும். களிமண் ஏறக்குறைய 57 கிராம் கொண்ட சிறு பொதிகளாக வருகிறது. நல்ல வகைகள் பெரும்பாலும் வெளிநாட்டிலிருந்து வருபவை. ஆனால் விலையின் பெரும்பகுதி களிமண்ணுக்கு அன்று, பிசைவதற்கும் உருளை அமைப்பதற்கும், சுட்டபின் நீர் விட்டு நுண்தாளால் தேய்த்து மெருகேற்றுவதற்கும் செல்லும் நேரத்திற்கே. கடையில் அச்சுப்படம் ஒட்டிய குவளையின் விலையோடு இதை ஒப்பிட்டுப் பேரம் பேசுவது முறையன்று. முன்பணமாகப் பாதித்தொகை கேட்பார்கள், அது நியாயமே. நம் அன்னையார் பெயரும் நம் ஊர்க் கோலமும் உள்ள சிமிழை நாம் வேண்டாம் என்றுவிட்டால் வேறு யார் வாங்குவார்?

ஆகவே எழுதும்போது பயனை முதலில் எழுதுங்கள். உருவத்தைப் பின்னர் எழுதுங்கள். கைகழுவும் இடத்தில் வைப்பதா, பூசை அலமாரியில் வைப்பதா, பிள்ளைகள் எடுக்கும் இடமா என்பது தெரிந்தால், எது ஆகும் எது ஆகாது என்பதை அவரே சொல்லிவிடுவார். அளவைச் சென்டிமீட்டரில், உள்ளளவா வெளியளவா என்று குறித்து எழுதுங்கள். நிறத்தைக் கைபேசித் திரையை நம்பித் தீர்மானிக்க வேண்டாம். திரைக்குத் திரை நிறம் மாறும், சுட்டபின் நிறம் சற்று ஆழமாகும். நிறம் இன்றியமையாததாயின், அதே களிமண்ணில் ஒரு சிறு இலையைச் சுட்டு அஞ்சலில் அனுப்பச் சொல்லலாம். அந்த இலைக்கு மற்றொரு பயனும் உண்டு: மெல்ல வளைத்துப் பாருங்கள். நன்றாக வெந்த மெல்லிய தகடு சிறிது வளைந்து கொடுக்கும். வேகாதது பொரிபோல் முறியும். எழுத்துப் பொறிக்க வேண்டுமாயின் பெரிதாக, தெளிவாக எழுதிப் படமெடுத்து அனுப்புங்கள். தமிழ் அறியாதவருக்குப் புள்ளியும் ஓர் அலங்காரமே. மெய்யெழுத்தின் தலைப்புள்ளி பூவின் நடுவில் போய் அமர்ந்துவிடக் கூடும். வேறொரு கைவினைஞருடைய படத்தை அனுப்பி 'இதைப்போல் ஒன்று' என்று கேட்பது இருவருக்கும் செய்யும் தீங்கு. விழா நாளுக்குப் பத்து நாள் முன்னதாகவே பொருள் வந்துசேருமாறு நாள் குறியுங்கள். ஒரு திருத்தத்திற்கு இடம் இருக்கும்.

வந்தபின் பேணுவது எளிது. வெதுவெதுப்பான நீரில், மென்மையான சோப்பு இட்டுக் கையால் கழுவித் துடைத்துவிட வேண்டும், ஊறப்போடலாகாது. பாத்திரம் கழுவும் எந்திரத்திலும் மைக்ரோவேவ் அடுப்பிலும் இடலாகாது. வெயில் நேரே விழும் சன்னலில் ஆண்டுக்கணக்கில் வைத்தால் சில நிறங்கள் வெளிறும். பளபளப்பு குறைந்துவிட்டதென்று நகப்பூச்சைத் தடவுகிறவர்கள் இருக்கிறார்கள். அது சில நாளில் பிசுபிசுத்துத் தூசியைப் பிடித்துக்கொள்ளும், பின்னர் மீட்பது கடினம். கண்ணாடியை அஞ்சலில் திருப்பி அனுப்ப நேர்ந்தால், பெட்டிக்குள் பெட்டியாக, இடையில் நான்கு புறமும் காகிதச் சுருளை அடைத்து அனுப்ப வேண்டும். எங்கள் சிமிழ் வந்த பெட்டியை நாங்கள் எறிந்துவிடாததால்தான் திருத்தத்திற்கு அனுப்பும்போது தொல்லை இருக்கவில்லை.

அன்னையார் இப்போது அடுத்த தாளில் ஏழு புள்ளி வைத்துக்கொண்டிருக்கிறார். அது ஊறுகாய் ஜாடிக்காம். எண்ணெய் வெளியே வழியும், ஆகவே ஊறுகாய்க்கு ஆகாது, கற்கண்டுக்கு ஆகும் என்று சொல்லி ஒப்புக்கொள்ள வைத்திருக்கிறோம். கோலம் ஜாடியைச் சுற்றி வந்து தொடங்கிய இடத்தில் முடிய வேண்டும் என்பது அவருடைய கட்டளை. ஜாடியின் சுற்றளவை நூலால் அளந்து எழுதுமாறு கொல்கத்தாவிலிருந்து செய்தி வந்திருக்கிறது.